மஸ்கெலியா – கோத்தகிரி சொந்தங்கள் (குடும்பக் குழு)

பாப்பா (கோத்தகிரி): மாமா, பாஸ்போர்ட் வந்துருச்சு!! இலங்கையில தாத்தா பொறந்த மஸ்கெலியாவப் பாத்தே ஆகணும். ஊரு எப்பிடி இருக்கும்? மேப்புல பாத்தா வெறும் தண்ணியா தெரியுது

மஸ்கெலியா மாமா: மேப்பு சரியாத்தான் காட்டுது. ஒங்க தாத்தா சுத்துன டவுன் தண்ணிக்குள்ளதான் இருக்கு

பாப்பா (கோத்தகிரி): 😳

மஸ்கெலியா மாமா: மவுசாகலை அணை. மஸ்கெலியா ஓயாங்குற ஆத்த மறிச்சு லக்ஷபான நீர்மின் கரண்டுக்காக கட்டுனது, 1969ல. பழைய டவுன் அந்தப் பள்ளத்துல இருந்துச்சு. கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் முங்கிருச்சு. மேட்டுல புது டவுன் கட்டிக் குடுத்தாங்க

பாப்பா (கோத்தகிரி): தாத்தா சாகுற வரைக்கும் அந்தக் கோயிலப் பத்தியேதான் பேசுவாரு

அத்தை: கோயிலு இன்னும் இருக்குடி. வெயில் காலத்துல தண்ணி வத்துனா செவரு வெளிய வரும். சனம் எறங்கிப் போயி பாக்கும்

கொழும்பு மதினி: அப்பாயி வாய்ஸ் அனுப்பிருக்கு. கோத்தகிரில நெட்டு இழுக்கும், எழுதியே போடுறேன்:

"எங்கண்ணன், அதான் பாப்பாவோட தாத்தா, சம்பளத்தன்னைக்கு பழைய டவுனுக்கு கூட்டிட்டுப் போயி தோசை வாங்கிக் குடுக்கும். தண்ணி ஏறுனத மலையில கொழுந்து எடுத்துக்கிட்டே பாத்தோம். மொதல்ல ரோட்டு போச்சு. அப்புறம் கடைவாசப்படி. கங்காணி ஏசுறான், ஒருத்திக்கும் கை ஓடல. அப்புறம் நாலு வருசத்துல அண்ணனும் கப்பலேறிப் போயிருச்சு."

பாப்பா (கோத்தகிரி): 😢 தோட்டத்துச் சனத்த இந்தியாவுக்கு அனுப்புன சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துலதானே? இங்க டான்டீ (தமிழ்நாடு அரசு) தேயிலைத் தோட்டத்துல பாதிப்பேரு அப்பிடி வந்தவங்கதான்

மஸ்கெலியா மாமா: ஆமா. தலைமன்னார் வரைக்கும் ரயில்ல போயி வழியனுப்புனதா அம்மா சொல்லும்

பாப்பா (கோத்தகிரி): இப்ப டவுன்ல யாரெல்லாம் இருக்காங்க?

கொழும்பு மதினி: சுத்தி தோட்டம், லயத்து வரிசை வீடுகள்ல நம்ம சனம். டவுன் கடைகள்ல தமிழ், முஸ்லிம், சிங்களம் மூணும் கலந்துதான். ஒரே கடைக்காரர் தமிழ், சிங்களம் ரெண்டு பாஷையிலயும் கடன் கேப்பாரு 😂

அத்தை: பத்தாந்திகதி சம்பளத்துக்குத்தான் டவுனுக்கு உசுரு. மத்த நாள்ல ஈ ஓட்டுவாங்க

மஸ்கெலியா மாமா: சீசன விட்டுட்டியே. டிசம்பர் போயாவுல (பௌர்ணமி) இருந்து மே மாச வெசாக் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போற கூட்டம். மலை ஏறத் தொடங்குற நல்லதண்ணிக்கு இதுதான் வழி. ராத்திரி ரெண்டு மணிக்கும் தேத்தண்ணி கெடைக்கும்

பாப்பா (கோத்தகிரி): மாமா, ஒங்க டிபில பின்னாடி வரிசையா நிக்கிற மலை எது?

மஸ்கெலியா மாமா: ஏழு கன்னிமலை. 1974 டிசம்பர் 4 ராத்திரி அதுலதான் பிளேன் மோதுச்சு. இந்தோனேசியாவுல இருந்து மக்காவுக்குப் போன ஹஜ் யாத்திரிகர்கள். பிளேன் ஊழியரோட சேத்து 191 பேர், ஒருத்தரும் மிஞ்சல. அந்த மலையப் பாத்து இன்னும் கையெடுக்குற கெழடுங்க இருக்காங்க

பாப்பா (கோத்தகிரி): ஐயோ

அத்தை: ராத்திரியில இதெல்லாம் ஏன் சொல்றீங்க. பாப்பா, எப்ப வார?

பாப்பா (கோத்தகிரி): ஜூன் 😊 டிக்கெட்டும் போட்டாச்சு. கொழும்புல எறங்கி பஸ்ல ஹட்டன், அப்புறம் நோர்வூட் வழியா. சரிதானே?

அத்தை: வழி சரி. மாசம்தான் தப்பு. ஜூன்ல மழ ஊத்தும், அட்டை வேற. அட்டைக்கு சவக்காரம் (சோப்பு) எடுத்து வையி

பாப்பா (கோத்தகிரி): தேயிலைத் தோட்டத்துல பொறந்தவளுக்கு அட்டையக் காட்டி பயமுறுத்துறீங்களா அத்தை 🤣 கோயில்?

மஸ்கெலியா மாமா: தண்ணிக்கு வெளிய தெரியாது பாப்பா. மார்ச் மாதிரி வந்திருக்கணும். எந்த எடத்துல இருக்குன்னு அம்மா கைய நீட்டிக் காட்டும், அவ்வளவுதான்

கொழும்பு மதினி: அப்பாயி திரும்ப வாய்ஸ், ஆறு செக்கண்டு: "அவள வரச் சொல்லு. தண்ணி வத்துற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

பாப்பா (கோத்தகிரி): விசா முப்பது நாளுக்குத்தான் பாட்டி 😭