மாதிரி எஞ்சின்களுக்குச் சத்தமில்லாத காற்று: உறுப்பினர்களின் அனுபவங்கள்

முதல் உறுப்பினர்:

நான் செய்பவை எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் நீராவி எஞ்சின்கள். கொதிகலன் மூட்டாமல் அவற்றை ஓட்டிப் பார்க்க அழுத்தப்பட்ட காற்று வேண்டும். ஆனால் பட்டறைகளில் இருக்கும் வகைக் கம்ப்ரசரை அறைக்குள் ஓட்டினால், நாம் ஆசையாகச் செய்த எஞ்சினின் ஓசையே காதில் விழாது. எவ்வளவு காற்றுதான் உண்மையில் தேவை என்று முதலில் கணக்குப் போட்டேன். சிலிண்டரின் உள்விட்டம் 12 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 16 மி.மீ., பிஸ்டனின் இருபுறமும் காற்று தள்ளும் அமைப்பு என்றால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.6 கன செ.மீ. செலவாகும். நிமிடத்துக்கு 500 சுற்றில் அது 1.8 லிட்டர். வெளிக்காற்றைவிட 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) கூடுதலான அழுத்தத்தில் உள்ள காற்றாகையால், வெளிக்காற்றின் அளவில் சொன்னால் சுமார் 3.6 லிட்டர். கசிவுக்கு இன்னொரு மடங்கு சேர்த்தாலும் எட்டு லிட்டரைத் தாண்டாது. பெரிய கம்ப்ரசர் எதற்கு என்று அப்போதே விட்டுவிட்டேன்.

கழித்துப்போட்ட ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் இந்த வேலைக்குப் போதுமானது. சுற்றுக்கு 6 கன செ.மீ. இழுக்கும் ஒன்று, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழலும்போது, கணக்குப்படி 17 லிட்டர் தரவேண்டும். நடைமுறையில் கணிசமாகக் குறையும், ஆயினும் நமக்கு மிஞ்சும். அதன் அமைதிக்குக் காரணம், மோட்டாரும் பிஸ்டனும் மூடிய எஃகுக் கூட்டுக்குள் சுருள்வில்களின் மேல் அமர்ந்திருப்பதுதான். குழாயை வெட்டுவதற்கு முன் உள்ளிருக்கும் வாயுவை அத்தொழில் தெரிந்தவரைக் கொண்டு எடுத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜ்களில் இருக்கும் வாயுக்களில் ஆர்-134ஏ புவியைச் சூடாக்கும் வாயு; ஆர்-600ஏ என்பதோ ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, எதிரே அழுத்தம் நிற்கும்போது அது கிளம்பாது. முனகும், பிறகு ஓவர்லோடு சுவிட்ச் துண்டித்துவிடும். ஃபிரிட்ஜில் ஓட்டம் நின்றதும் நுண்குழாய் வழியாக இருபுற அழுத்தமும் சமமாகிவிடுவதால், அந்த மோட்டாருக்கு அவ்வளவு தொடக்க விசை தேவைப்படவில்லை. ஆகவே தொட்டிக்கு முன்னால் ஒருவழி வால்வு வைத்து, அதற்கும் கம்ப்ரசருக்கும் இடையில் நிற்கும் காற்றை வெளிவிட ஒரு சிறு குழாயும் வைத்திருக்கிறேன். இரண்டாவது, ஃபிரிட்ஜில் திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. நாம் அறைக்காற்றை ஊட்டும்போது அந்த வசதி இல்லை. கூட்டின் மேல் கைவைக்க முடியாத நிலை வந்ததும் நிறுத்தி ஆறவிடுகிறேன். காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு குடுவையும், அவ்வப்போது ஈடுசெய்ய எண்ணெயும் வேண்டும்.

மிச்சமிருக்கும் சத்தம் பெரும்பாலும் காற்று இழுக்கும் வாயிலிருந்தும் மேசையிலிருந்தும் வருகிறது. நுரைப்பஞ்சு அடைத்த டப்பா ஒன்றின் வழியாகக் காற்றை இழுக்கவைத்து, அடியில் ரப்பர் கொடுத்து, தொட்டிக்கு வளையும் குழாயை இணைத்தால் இரண்டும் அடங்கிவிடும்.

இரண்டாம் உறுப்பினர்:

நண்பரின் ஏற்பாடு நன்று. ஆனால் எஞ்சின் ஓடும் நேரத்தில் கம்ப்ரசரும் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை நான் சொல்ல விரும்புகிறேன். ரிம்மில் மாட்டிய, வெடிப்பில்லாத ஒரு கார் டயரே என் காற்றுத் தொட்டி. சிறிய காரின் டயருக்குள் ஏறத்தாழ 30 லிட்டர் இடம் இருக்கும் என்று கொள்வோம். 2 பார் வரை நிரப்பி, 0.5 பாருக்கு இறங்கும்வரை பயன்படுத்தினால், 45 லிட்டர் வெளிக்காற்று கையில் இருக்கிறது. மேலே சொன்ன அதே எஞ்சினை 0.5 பாரில், நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓட்டினால் நிமிடத்துக்கு 1.6 லிட்டர் ஆகும். கசிவே இல்லையென்றால் 28 நிமிடம், கசிவும் அதே அளவு என்றால் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு, ஒரு டி இணைப்பும் இரண்டு குழாய்த் திறப்பான்களும் வைத்தால் நிரப்புவதும் எடுப்பதும் ஒரே வாயில் முடிந்துவிடும். நிரப்பும் கருவி எவ்வளவு கத்தினாலும் அது வெளியில், வேறொரு நேரத்தில்.

தொட்டி பற்றி ஒரு வார்த்தை. பிவிசி குழாயை மூடித் தொட்டியாக்கும் யோசனையைப் பலர் சொல்கிறார்கள். அது காற்றழுத்தத்தில் உடையும்போது கூர்மையான சில்லுகளாகச் சிதறும். ஒருமுறைப் பயன்பாட்டுக்கான குளிர்வாயு உருளைகளும் மறுபடி நிரப்புவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஃபிரிட்ஜ் கம்ப்ரசரோ வாய் அடைபட்டால் 10 பாரைத் தாண்டியும் அழுத்திக்கொண்டே போகும். ஆகவே, அது தரும் காற்று முழுவதையும் வெளிவிடக்கூடிய பாதுகாப்பு வால்வு இல்லாமல் எந்தத் தொட்டியையும் அதனோடு இணைக்கக் கூடாது.

மூன்றாம் உறுப்பினர்:

சிலிண்டரே ஊசலாடும் சிறு எஞ்சின்களுக்கு இவ்வளவும் வேண்டாம். மீன்தொட்டிக்குக் குமிழி விடும் பம்பு 0.2 பாரைக்கூட எட்டாவிட்டாலும், உராய்வு குறைவாக அமைந்த எஞ்சினை அது சுழற்றிவிடுகிறது. ஓடவில்லையென்றால் பம்பை மாற்றுவதற்குமுன் தண்டும் தாங்கியும் எங்கே இறுகுகின்றன என்று பார்ப்பேன். பலவீனமான காற்றுதான் கடினமான பரிசோதகர்.

நான்காம் உறுப்பினர்:

எண்ணெயிடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். நீராவிக்கென்று இருக்கும் கெட்டியான சிலிண்டர் எண்ணெய், குளிர்ந்த காற்றில் பிசினாக ஒட்டி எஞ்சினை இழுத்துப்பிடிக்கும். மெல்லிய மெஷின் எண்ணெய்தான் சரி. எஞ்சினில் பொருத்தியிருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தையும் நம்பவேண்டாம். உள்ளே வரும் நீராவி குளிர்ந்து நீராகி, அடியில் இறங்கி, எண்ணெயை மேலே தள்ளுவதால் வேலை செய்வது அது. காற்றில் அப்படி எதுவும் நடக்காது. ஓட்டுவதற்கு முன் காற்றுக் குழாய்க்குள் சில சொட்டுகள் நேரடியாக விடுகிறேன்.

காற்றழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வாங்குவதானால் 0 முதல் 2 பார் வரையுள்ளதாகப் பாருங்கள். 10 பார் வரை செல்லும் ரெகுலேட்டரில் நமக்கு வேண்டிய அளவு முழுவதும் திருகின் முதல் சிறு திருப்பத்துக்குள் முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு எஞ்சினை மெதுவாக ஓடவைக்க முடியாது. கையில் அதுதான் இருக்கிறது என்றால், அதற்கு அடுத்து ஓர் ஊசி வால்வைப் பொருத்தி, வேகத்தை அதில் கட்டுப்படுத்தலாம்.