அப்பாவின் மணிவிழாவுக்கு ஜெரோபோம் உடைக்கலாமா?

ரோன்கரை:
அடுத்த மாசம் அப்பாவுக்கு அறுபது. சாயங்காலம் லியோனில் எங்கள் வீட்டிலேயே சாப்பாடு, சுமார் இருபது பேர். அதில் குடிப்பவர்கள் ஒன்பது பேர்தான். மச்சான் ஜெரோபோம் என்கிற 3 லிட்டர் பாட்டிலில் ஷாம்பெய்ன் ஒன்று, மட்டன் பிரியாணிக்கு மாக்னம் என்கிற 1.5 லிட்டர் பாட்டிலில் சிவப்பு வைன் ஒன்று வாங்கலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "எல்லாம் சாதா 750 மில்லியிலேயே வாங்குங்க, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்" என்கிறாள் மனைவி. பெரிய பாட்டில் உடைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

லாஷப்பல்காரன்:
மனுசி சொல்லுறதுதான் சரி தம்பி. பெரிய போத்தல் படம் எடுக்கத்தான் நல்லது. விலையைப் பாருங்கோ: மாக்னம் ஒண்டு அநேகமா ரெண்டு சாதாப் போத்தலின்ர விலையைவிடக் கூட. ஜெரோபோம் எண்டா இன்னும் ஏறும். அந்தக் காசுக்கு ஒரு படி மேலான ஷாம்பெய்னில நாலு போத்தல் எடுக்கலாம். இன்னொண்டு, தக்கை கெட்டு ஈரக் கடதாசி மணம் அடிச்சா மூண்டு லிட்டரும் போச்சு. நாலு போத்தலில ஒண்டு பழுதானா மூண்டு மிச்சம் இருக்கும்.

நிலவறை:
விலை கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருப்பது அதே வைன் இல்லையே அண்ணா. பாட்டில் பெரிதானாலும் கழுத்து அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. தக்கை வழியாக உள்ளே போகும் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான்; மாக்னத்தில் அது இரண்டு மடங்கு வைனுக்குப் பங்காகிறது. அதனால் மெதுவாக முதிர்கிறது. ஒரே ஷாம்பெய்னைச் சாதாவிலும் மாக்னத்திலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், மாக்னத்தில் இருப்பது இளமையாகத் தெரியும். தக்கைக் கணக்கும் இருபக்கம் வெட்டும்: நாலு தக்கை என்றால் கெட்டது ஒன்று வந்து மாட்டும் வாய்ப்பும் கூடத்தானே?

லாஷப்பல்காரன்:
மாட்டினாலும் மூண்டு கையில நிக்கும், அதைத்தானே சொல்லுறன். சராசரி நட்டம் ரெண்டிலயும் ஒண்டாவே இருக்கட்டும். அப்பாவின்ர அறுபது ஒருக்காத்தான் வரும், அதில போய் சராசரி பாக்கேலுமோ? மெதுவா முதிருறதும் பத்து வருசம் படுக்க வைக்கிற ஆக்களுக்குத்தான். இவர் கடையில வாங்கி அந்தக் கிழமையே உடைக்கப் போறார்.

நிலவறை:
கடைக்கு வருமுன்பே அது படுத்துக் கிடந்துதான் வருகிறது. லேபிளில் அறுவடை வருஷம் போடாத ஷாம்பெய்னே பாட்டிலில் அடைத்த பிறகு குறைந்தது 15 மாசம் நிலவறையில் இருக்க வேண்டும், வருஷம் போட்டது 3 வருஷம். வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுப்படி:
ஓட்டலில் பரிமாறுகிற வேலை எனக்கு. ரெண்டு பேரும் ஃப்ரிட்ஜை மறந்துட்டீங்க. ஜெரோபோம் அரை மீட்டர் உயரம், நிறைந்திருந்தால் ஆறு கிலோவுக்கு மேல். எந்தத் தட்டிலும் நிற்காது. குளியலறையில் பெரிய வாளி வைத்து ஐஸ், அதே அளவு தண்ணீர், ரெண்டு கை கல்லுப்பு போடணும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸ் போட்டால் கண்ணாடியில் அங்கங்கேதான் படும், சீக்கிரம் குளிராது. கழுத்துவரை மூழ்கணும். இல்லைன்னா முதல் கிளாஸே வெதுவெதுப்பா வரும்.

திறப்பது அடுத்த பாடு. தக்கை மேல் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைத்திருப்பில் தளர்த்தலாம், ஆனால் அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் தக்கையை விட்டு எழும்பக் கூடாது. சாதா பாட்டில் என்றால் தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புவோம். ஜெரோபோமை அப்படி ஒரு கையில் திருப்ப முடியாது. தரையில் சாய்வா நிறுத்தி ஒருத்தர் அடியைப் பிடிக்க, இன்னொருத்தர் துண்டு சுற்றித் தக்கையை விடுவிக்கணும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்க. ஊற்றும்போதும் ரெண்டு கை வேணும், முதல் ரெண்டு கிளாஸ் மேசைவிரிப்புக்குத்தான்.

அளவையும் பாருங்க. 120 மில்லி வீதம் ஊற்றினால் 3 லிட்டரில் 25 கிளாஸ். ஒன்பது பேருக்கு, சோத்தில் கை வைக்கும் முன்னாடியே! வண்டி ஓட்டுறவங்களும் இருப்பாங்க. இங்கே பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புதுசா லைசென்ஸ் எடுத்த பிள்ளைங்களுக்கு 0.2. ஒரு மாக்னம் போதும், கூட ஒரு சாதா பாட்டில் கையிருப்பில் வையுங்க.

நிலவறை:
ஜெரோபோமை விட்டுக்கொடுக்கிறேன், அக்கா சொன்ன வாளிக்காகவே. ஆனால் மச்சானுக்காக ஒரு வார்த்தை. ஜெரோபோம் வரைக்கும் நுரை தரும் இரண்டாவது நொதித்தல் அதே பாட்டிலுக்குள் நடக்க வேண்டும் என்பது ஷாம்பெய்ன் விதி. அதற்கு மேலே 6 லிட்டர் மெத்தூசலா, 9 லிட்டர் சல்மனாசார் எல்லாம் சின்ன பாட்டிலில் தயாரானதைக் கொட்டி நிரப்பலாம். அவற்றுக்குக் கொடுக்கும் காசு கண்ணாடிக்குத்தான். அந்த அளவுக்கு அவர் போகவில்லை.

லாஷப்பல்காரன்:
ஷாம்பெய்ன் மாக்னத்துக்கு ஓம் எண்டு வைப்பம். சிவப்புக்கு ஏன்? பிரியாணி உறைப்பு. பத்துக் கிளாஸ் சிவப்பை ஆர் குடிச்சு முடிக்கிறது? அடுத்த நாள் அரைப் போத்தல் புளிச்சுக் கிடக்கும். உங்கட லியோன் சாப்பாட்டுக் கடையளிலயே அடி தடிச்ச 46 சென்டிலிட்டர் குட்டிப் போத்தலிலதானே மேசைக்கு வருது. அந்த ஊர்க்காரருக்குத் தெரியாததே?

நிலவறை:
உறைப்புக்குத் துவர்ப்பு கூடிய சிவப்பு ஆகாது, அது சரி. பக்கத்திலேயே துவர்ப்பு குறைந்த சிவப்பு வைனுக்குப் பேர்போன பொஜொலே வட்டாரம் இருக்கிறது, அங்கத்திய மோர்கோன் வைனில் மாக்னம் ஒன்று எடுத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிச்சத்துக்கும் வழி உண்டு: திறந்த உடனேயே, முதல் கிளாஸுக்கு முன்னால், சுத்தமான திருகுமூடி பாட்டில் ஒன்றில் விளிம்புவரை ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காற்றே படாமல் சில நாள் தாங்கும்.

லாஷப்பல்காரன்:
மாக்னத்தை வாங்கி, உடைச்சு, சாதாப் போத்தலுக்குள்ள ஊத்தி மூடி வைக்கிறது. நல்லாயிருக்கு.

அடுப்படி:
😂 மிச்சமாகும் ஷாம்பெய்னுக்குக் கழுத்தில் வெள்ளிக் கரண்டி சொருகி வைக்கிறதா யாராவது சொன்னா நம்பாதீங்க. இறுக்கிப் பிடிக்கிற மூடி கடையில் கிடைக்கும், அதை வாங்கி வையுங்க.

ரோன்கரை:
ஷாம்பெய்ன் மாக்னம் ஒன்று, சாதா ஒன்று. அது முடிவு. மூடியும் வாங்கிவிடுகிறேன் அக்கா. சிவப்பு இன்னும் இழுபறிதான்: மனைவி மொத்தத்தையும் படித்துவிட்டு லாஷப்பல் அண்ணன் கட்சியில் சேர்ந்துவிட்டாள், எனக்கு மோர்கோன் மேல் கண். அதைவிட முக்கியம், ஜெரோபோம் கிடையாது என்று மச்சானிடம் யார் சொல்வது?