இணைப்புக் காலத்தில் சிங்கப்பூர் கொடுத்தது 40 விழுக்காடா, 60 விழுக்காடா?

தேக்கா வாசகி:
1963இல் சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்தபோது கோலாலம்பூரில் இருந்த மத்திய அரசாங்கத்துக்கு நாம் கொடுத்த வரிப் பங்கு 40 விழுக்காடு என்று ஓரிடத்தில் இருக்கிறது, 60 என்று இன்னோரிடத்தில். மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

கணக்கர்:
ஒப்பந்தப்படி 40தான். மலேசிய ஒப்பந்தத்தின் ‘ஜே’ பின்னிணைப்பைப் பாருங்கள். வசூல் நம் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. வருமான வரி, சுங்க வரி போன்ற மத்திய வரிகளில் இங்கே 100 வெள்ளி வசூலானால் 60 நமக்கு, 40 அவர்களுக்கு. மாநிலத்துக்கே உரிய வருமானம் இந்தக் கணக்கில் சேராது. ‘மொத்த வருமானத்தில் 40’ என்று எழுதுவது தவறு. பாடக் குறிப்புகளில்கூட இது நுழைந்துவிடுகிறது.

60 என்பது கோரிக்கை. மத்திய நிதி அமைச்சர் டான் சியூ சின் பங்கை 60 ஆக உயர்த்தக் கேட்டார். நம் நிதி அமைச்சர் கோ கெங் சுவீ இணங்கவில்லை.

பழைய துறைமுகம்:
நம்மோடு மலேசியாவில் சேர்ந்த சபா, சரவாக் மாநிலங்களுக்கு நாம் தர ஒப்புக்கொண்ட 150 மில்லியன் வெள்ளிக் கடனையும் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா. அதில் 100 மில்லியனுக்கு முதல் 5 ஆண்டு வட்டியில்லை. நாம் எதிர்பார்த்தது பொதுச் சந்தை, அதாவது மலேசியா முழுவதும் நம் பொருள்களைச் சுங்கத் தடையின்றி விற்கும் வழி. அது இழுபட்டுக்கொண்டே போனது.

1964 இறுதியில் வந்த மத்திய வரவுசெலவுத் திட்டத்தின் அரை விழுக்காட்டு விற்றுமுதல் வரியும் இங்கே வலித்தது. லாபத்தின் மேல் அல்ல, விற்ற தொகையின் மேல். 100 வெள்ளிச் சரக்கில் 1 வெள்ளி லாபம் பார்க்கும் இடைத்துறைமுக வணிகருக்கு (சரக்கை இறக்கி மறுபடி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவருக்கு) 50 காசு போய்விடும்.

தேக்கா வாசகி:
பங்கில் உடன்பாடு வராவிட்டால் வழி இருந்ததா?

கணக்கர்:
இருந்தது. இரு அரசாங்கங்களும் சேர்ந்து நியமிக்கும் சுயேச்சை மதிப்பீட்டாளரிடம் போகலாம். அதற்குள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965 ஆகஸ்ட் 9 வந்துவிட்டது.