தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தானா? எப்படிக் கணக்கு போடுறாங்க?

கொலுசுக்காரம்மா:
வணக்கம்ங்க. சேலம் சிவதாபுரம் பக்கம், வீட்லயே கொலுசு பத்தவைக்கிற கூலி வேலை. மத்திய அரசோட நிதி ஆயோக் கணக்குல நம்ம மாநிலத்துல ஏழைங்க 2.2 சதவீதம்தான்னு படிச்சேன். வீட்டுக்காரருக்குப் போன வருஷம் மூச்சுத்திணறல் வந்து, வட்டிக்கு வாங்கித்தான் தனியார் ஆஸ்பத்திரி பில்லு கட்டினோம். எங்க வீடு இதுல எங்கங்க வரும்?

ராஜா, அஸ்தம்பட்டி:
அரிசி இலவசம், வீட்டுக்கு வீடு டிவி, வண்டி. அப்புறம் எங்கங்க ஏழை?

மலைக்காட்டு நர்ஸ்:
ராஜா தம்பி, நம்ம மாநிலத்துல அரிசி கார்டு வசதி உள்ளவங்ககிட்டயும்தான் இருக்கு. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

அந்த 2.2, 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வேயை வெச்சுப் போட்டது. கரண்ட், கக்கூஸ், சிலிண்டர், பேங்க் கணக்கு, பிள்ளைங்க படிப்புன்னு 12 விஷயம் பார்ப்பாங்க. ஒவ்வொரு குறைக்கும் இவ்வளவுன்னு மார்க் உண்டு, எல்லாத்துக்கும் ஒரே அளவு இல்ல. எல்லாம் சேர்ந்து மூணுல ஒரு பங்கு வந்தாத்தான் ஏழை. வீட்ல ஒருத்தர் ஊட்டமில்லாம மெலிஞ்சிருந்தா அதுக்கு ஆறுல ஒரு பங்குதான். மத்ததெல்லாம் இருந்துட்டா, பாதி வழியில நின்னுடும்.

ரத்தசோகைக்கு அதுல மார்க்கே கிடையாது. ஆனா அதே சர்வேதான் தமிழ்நாட்டுப் பொண்ணுங்கள்ல, 15 வயசுல இருந்து 49 வரைக்கும், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு சொல்லுது. நான் ஏற்காட்டு எஸ்டேட் லயன்கள்ல, அதான் தொழிலாளிங்க வரிசை வீடுங்கள்ல, சுத்தினவ. காப்பிப் பழம் பறிக்கிற கர்ப்பிணியோட கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுத்துக் கெடக்கும். சத்து மாத்திரையை வரக்காப்பியோட முழுங்குவாங்க. இரும்புச்சத்து உடம்புல சரியா ஒட்டாது. சேலம் ஜி.ஹெச்.சுக்குப் போம்மான்னா, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கணும், அன்னிக்குக் கூலி போச்சு. வைத்தியம் இலவசம்தான். இருந்தும் சீசன் முடியட்டும்னு தள்ளிப்போடுவாங்க. வீட்ல சிலிண்டரும் உண்டு, பேங்க் பாஸ்புக்கும் உண்டு.

அம்மா, உங்க விஷயத்துக்கு வரேன். செலவை வெச்சுப் போடற கணக்கு இன்னொண்ணு. வறுமைக்கோடு போட மத்திய அரசு அமைச்ச டெண்டுல்கர் கமிட்டி முறைப்படி 2011-12ல, நாடு முழுக்கப் பார்த்தா, நகரத்துல ஆளுக்கு மாசம் 1000 ரூபாய், கிராமத்துல 816. அதுக்குக் கீழ செலவு பண்ணாத்தான் ஏழை. ஆஸ்பத்திரி பில்லும் அதுல செலவுதான், கடன் வாங்கிக் கட்டினாலும். அந்தக் கணக்குல போன வருஷம் உங்க வீடு வசதி கூடின மாதிரி தெரியும்! எனக்கு இதுல உள்ள கோபம் கொஞ்சநஞ்சமில்ல.

முதல்ல முதலமைச்சர் காப்பீட்டுக்கு எழுதிப் போடுங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். டாக்டர்கிட்ட கொலுசு வேலையில வர்ற ஆசிட் புகையைப் பத்தியும் மறக்காம சொல்லுங்க.

கொலுசுக்காரம்மா:
நன்றிங்க்கா. வருமானச் சான்றுக்குப் போனா எவ்வளவுன்னு சொல்றது? தீபாவளி வரைக்கும் ராத்திரி பகலா வேலை, அப்புறம் மாசக்கணக்குல சும்மா.

மலைக்காட்டு நர்ஸ்:
நல்ல மாசத்தைப் பன்னெண்டால பெருக்கிச் சொல்லிடாதீங்க. சும்மா இருந்த மாசத்தையும் சேர்த்து, வருஷத்துக்கு மொத்தமா கைக்கு வந்ததை மட்டும் சொல்லுங்க.