பழைய செங்கல் கட்டடம், 20% டாக்ஸ் கிரெடிட் – எந்த ஃபார்ம்? (அவசரம்)

அரவிந்த்_எஸ்:
வணக்கம். அமெரிக்காவுல பழைய செங்கல் கட்டடம் ஒண்ணு வாங்கியிருக்கேன். கீழே கடை, மேலே ரெண்டு அப்பார்ட்மெண்ட். கான்ட்ராக்டர் எஸ்டிமேட் 2,80,000 டாலர். பழைய கட்டடத்தைப் புதுப்பிச்சா, செலவுல 20% வரியில கழியும், அந்த கிரெடிட் உண்டுன்னு சொல்றாங்க. அப்போ 56,000 வரும்தானே? அடுத்த திங்கள் வேலை ஆரம்பம், வினைல் ஜன்னலுக்கு ஆர்டர் போடணும். எந்த ஃபார்ம்னு மட்டும் சொல்லுங்க.

ரிச்மண்ட்_வாசி:
எந்த மாநிலம்? எந்த ஊர்? வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் கட்டடம் தனியாக இருக்கிறதா, இல்லை வரலாற்றுப் பகுதிக்குள் வருகிறதா? நீங்களே மேலே குடியிருக்கப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

வரிக்கணக்கன்:
கூடவே: வாங்கின விலை என்ன, அதில் நிலத்துக்கு எவ்வளவு? வீட்டு வருமானம் (இருவர் சம்பளமும்) எவ்வளவு? ஆர்டர் எதுவும் இன்னும் போட்டுவிடாதீர்கள்.

பழையவீடு:
வாரம் ஒருத்தர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். மேலே ஒட்டியிருக்கும் இழையைப் படித்திருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்திருக்கும். "பழைய கட்டடம்" என்பது தகுதியே கிடையாது. 1936-க்கு முந்தைய சாதாரணக் கட்டடங்களுக்கு இருந்த 10% கிரெடிட்டை 2017 வரிச் சட்டம் எடுத்துவிட்டது. இப்போது சான்று பெற்ற வரலாற்றுக் கட்டடத்துக்கு மட்டும்தான் 20%. அதுவும் ஒரே வருஷத்தில் கிடையாது, வருஷத்துக்கு 4% வீதம் ஐந்து வருஷம்.

அரவிந்த்_எஸ்:
சாரி. வர்ஜீனியா, ஸ்டான்டன், பெவர்லி வரலாற்றுப் பகுதிக்குள்ள. விலை 3,10,000, நிலம் 60,000 இருக்கும்னு நினைக்கிறேன். நாங்க அங்க குடியிருக்கலை. சம்பளம் ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,30,000. மூணு வருஷத்துக்குள்ள வித்துடலாம்னு ஐடியா. மாடி ஹாலில் பிளாஸ்டர் ஏற்கெனவே உடைச்சாச்சு, செங்கல் வெளியே தெரிஞ்சா அழகா இருக்கும்னு.

வரிக்கணக்கன்:
முதலில் தகுதித் தேர்வு. தகுதியுள்ள செலவு கட்டடத்தின் 'அட்ஜஸ்டட் பேசிஸை' 24 மாதத்துக்குள் தாண்ட வேண்டும் (குறைந்தது 5,000 டாலர், உங்களுக்கு அது பொருட்டில்லை). பேசிஸ் என்றால் வாங்கின விலையில் நிலத்தைக் கழித்து, ஏற்கெனவே எடுத்த தேய்மானத்தையும் கழித்தது. உங்கள் கணக்கில் 2,50,000.

எஸ்டிமேட்டில் பின்பக்கப் புது டெக், பார்க்கிங் தளம், ஃப்ரிட்ஜ், அடுப்பு, கிச்சன் அலமாரி எல்லாம் எவ்வளவு? அவை எதுவும் சேராது. வேலி, நடைபாதை, பெயர்ப்பலகை, கட்டடத்தைப் பெரிதாக்கும் எந்தச் செலவும் சேராது.

அரவிந்த்_எஸ்:
டெக் 18,000, பார்க்கிங் 16,000, கிச்சன் சாமான் 11,000.

வரிக்கணக்கன்:
45,000 போச்சு. மிச்சம் 2,35,000. 2,50,000-ஐத் தாண்டவில்லை, அதனால் கிரெடிட் பூஜ்யம். கொஞ்சமாவது கிடைக்கும் என்ற பேச்சே கிடையாது.

வழி இருக்கிறது. நிலத்தின் பங்கை ஊகமாகப் போடாமல் நகர மதிப்பீட்டுச் சீட்டைப் பாருங்கள். அதில் நிலம் 25% என்றிருந்தால், 3,10,000-இல் நிலம் 77,500, கட்டடம் 2,32,500. அடுத்தது, ஆர்க்கிடெக்ட் கட்டணமும் கட்டுமானக் காலத்து வட்டியும் தகுதியுள்ள செலவு. ஆர்க்கிடெக்ட்டுக்கு 14,000 என்றால் மொத்தம் 2,49,000. தேறிவிடுகிறது. குளோசிங் செலவில் (வாங்கும்போது ஆகும் பத்திரச் செலவு போன்றவை) கட்டடத்தின் பங்கும் பேசிஸில் ஏறும் என்பதால், செலவுக்கும் பேசிஸுக்கும் உள்ள இடைவெளியை இதற்கும் கீழே இறங்க விடாதீர்கள். வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்வதானால் 24-க்குப் பதில் 60 மாதம் எடுக்கலாம், ஆனால் முழு வரைபடமும் வேலை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ரிச்மண்ட்_வாசி:
வர்ஜீனியா மாநில கிரெடிட்டை யாரும் சொல்லவில்லையே. அது 25%, மத்திய கிரெடிட்டுக்கு மேல் தனி. அதன் தேர்வு வேறு: செலவு, முந்தைய வருஷ மதிப்பீட்டில் கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 50%-ஐத் தொட்டால் போதும். சொந்தக் குடியிருப்புக்கும் உண்டு, அதற்கு 25%-ஐத் தொட்டால் போதும். மத்தியத் தேர்வில் தவறினாலும் இது நிற்கலாம். பயன்படாத மிச்சத்தை 10 வருஷம் முன்னெடுத்துச் செல்லலாம். 2,49,000-க்கு 62,250 டாலர்.

படிவம் ஒன்றல்ல, மூன்று பகுதி. பகுதி 1: உங்கள் கட்டடம் அந்தப் பகுதியின் வரலாற்று மதிப்புக்குப் பங்களிக்கிறது என்ற சான்று. பகுதி 2: என்ன வேலை, எப்படி. பகுதி 3: முடிந்த பிறகு. எல்லாம் ரிச்மண்டில் உள்ள மாநில வரலாற்று வளத் துறை வழியாக தேசியப் பூங்காச் சேவைக்குப் போகும். முழு விண்ணப்பத்துக்குத் துறையில் 30 நாள், பூங்காச் சேவையில் 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகுதி 1, கட்டடம் பயன்பாட்டுக்கு வரும் முன்பே போய்ச் சேர வேண்டும், இது தவறினால் மீட்பில்லை. அடுத்த திங்கள் வேலையை ஆரம்பிக்க யாரும் தடை போடமாட்டார்கள், ஆனால் ஒப்புதலுக்கு முன் செய்த வேலை முழுக்க உங்கள் பொறுப்பு. திட்டம் மாறினால் திருத்தப் படிவம் அனுப்பிய பிறகே செய்யுங்கள்.

கொத்தனார்:
பிளாஸ்டரைப் பற்றி யாருமே பதறவில்லை! தம்பி, பூசியிருந்த சுவரை உரித்துச் செங்கலைக் காட்டுவது இந்தக் கிரெடிட் மறுக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்களில் ஒன்று. மிச்சத்தை உடனே நிறுத்துங்கள். உடைத்த இடத்தில் பழைய சுவர் எந்தத் தளத்தில் இருந்ததோ அதே தளத்தில் மறுபடி பூசுங்கள், அல்லது ஜிப்சம் பலகை வையுங்கள். கதவு, ஜன்னல் மரச்சட்டம் முன்பு துருத்தி நின்ற அளவே நிற்க வேண்டும், பலகைக்குள் அமுங்கக் கூடாது. உடைப்பதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால், விற்பனை விளம்பரப் படமானாலும், பத்திரப்படுத்துங்கள். "முன்" படம் இல்லாத விண்ணப்பம் அங்கேயே நிற்கும்.

வெளிச்சுவரில் மணல் வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) கூடாது. அந்தக் காலத்துச் செங்கலின் வெந்த மேல்தோல் போனால் உள்ளே நீர் இறங்கும். செங்கல் இணைப்புகளுக்கு வெறும் போர்ட்லண்ட் சிமெண்ட் கலவையும் வேண்டாம். செங்கலைவிட கலவை கடினமானால் செங்கல்தான் உதிரும். டைப் ஓ கலவை (1 சிமெண்ட், 2 சுண்ணாம்பு, 9 மணல்) அல்லது சுண்ணாம்பு 1, மணல் 3. இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் பழைய கலவையைச் சுரண்டுங்கள், செங்குத்து இணைப்பில் கிரைண்டர் வைக்காதீர்கள்.

பழையவீடு:
வினைல் ஜன்னல் முகப்பில் தேறவே தேறாது. யாரும் இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மரவேலை_மணி:
மாற்றுவதே தப்பு என்கிறேன். பழைய மர ஜன்னலை அகச்சிவப்புச் சூட்டில் புட்டியை இளக்கிக் கழற்றி, மரத்துக்கு எண்ணெய் பிரைமர் கொடுத்து, புதுப் புட்டி வைத்து, தோல் பிடித்த பிறகு பெயிண்ட் கண்ணாடி மேல் ஒரு இழை ஏறும்படி அடித்தால் பல காலம் நிற்கும். கயிறு மாற்றி, காற்றடைப்புப் பட்டை வைத்து, வெளியே ஸ்டார்ம் ஜன்னல் (கூடுதல் வெளி ஜன்னல்) போட்டால் சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட சமம். 1978-க்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம், அதற்குச் சான்று பெற்ற ஆள் வேண்டும்.

ரிச்மண்ட்_வாசி:
மணி அண்ணா, கொள்கையில் சரி. ஆனால் அடிச்சட்டம் மக்கிப்போனதை எவ்வளவு ஒட்டுவீர்கள்? ஒவ்வொரு ஜன்னலுக்கும் படம், சேத விவரம் கொடுத்து, குறுக்குச் சட்டத்தின் அளவும் வடிவமும் பொருந்தினால் அலுமினியம் போர்த்திய மர ஜன்னலுக்கு ஒப்புதல் கிடைக்கிறது.

மரவேலை_மணி:
மக்கினது பெரும்பாலும் கீழ்ச்சட்டம் மட்டும்தான். அதை மட்டும் புது மரத்தில் செய்து பொருத்தலாம். சேதப் பட்டியல் தயாரிக்கச் சொன்னால் ஜன்னல் விற்பவர் எல்லாவற்றையும் "சேதம்" என்றுதான் எழுதுவார்.

ரிச்மண்ட்_வாசி:
பட்டியலை ஆர்க்கிடெக்ட் எழுதட்டும் என்றுதான் சொல்கிறேன், விற்பவர் இல்லை.

வரிக்கணக்கன்:
ஜன்னலை விடுங்கள், அரவிந்த் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று, வாடகைக் கட்டடம் 'பேசிவ்' வருமானம் (நேரடியாக உழைக்காமல் வருவது). 2,49,000-க்கு 20% 49,800, வருஷத்துக்கு 9,960. சம்பளத்தின் மீதான வரியில் இதைக் கழிக்க உச்சவரம்பு உண்டு: வருமானத்தில் 25,000 டாலரைக் கழித்தால் எவ்வளவு வரி குறையுமோ அவ்வளவுதான். வருமானம் 2,00,000-ஐத் தாண்டியதும் அந்த 25,000 குறைய ஆரம்பித்து 2,50,000-இல் தீர்ந்துவிடும். 2,30,000 என்றால் மிஞ்சுவது 10,000. 22% வரிப்படியில் வருஷத்துக்கு 2,200 மட்டுமே. மிச்சம் தொலையாது, அடுத்தடுத்த வருஷங்களுக்குப் போகும். கிரெடிட்டைக் கோரும் படிவம் 3468-உடன், பேசிவ் வரம்பைக் கணக்கிடும் 8582-சி.ஆர்.-ஐயும் உங்கள் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) போடுகிறாரா என்று பாருங்கள்.

இரண்டு, விற்பது. பயன்பாட்டுக்கு வந்து முதல் வருஷத்துக்குள் விற்றால் கிரெடிட் முழுவதும் திரும்பக் கட்ட வேண்டும், பிறகு வருஷம் 20% குறையும். மூன்றாம் வருஷத்தில் விற்றால் 60%. ஐந்து முழு வருஷம் கழித்தே கை கழுவலாம். எடுத்த கிரெடிட் அளவுக்குப் பேசிஸும் இறங்கும், தேய்மானமும் குறையும்.

அரவிந்த்_எஸ்:
ஜன்னல் ஆர்டர் போடலை. பிளாஸ்டர் வேலை நிறுத்தியாச்சு, விற்பனை விளம்பரத்துல 11 படம் கிடைச்சுது. நகர மதிப்பீட்டில் நிலம் 27%. ஆர்க்கிடெக்ட் பகுதி 1 தயார் பண்றாங்க. சி.பி.ஏ.-கிட்ட புதன் பேசறேன். நன்றி.

கொத்தனார்:
கலவை மாதிரியைச் சுவரின் ஒரு மூலையில் போட்டுக் காயவிட்டு, அதன் படத்தையும் பகுதி 2-உடன் வையுங்கள் தம்பி.