பென்டாக்ஸ் கே1000: படத்தின் ஓரத்தில் சிவப்புப் பட்டை, ஒளி எங்கே கசிகிறது?

சுருள்36:
வணக்கம். என் கே1000 ஃபிலிம் கேமராவில் கலர் நெகட்டிவில் எடுத்த சில படங்களில் மட்டும் ஓரமாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பட்டை விழுகிறது. பின்கதவைத் திறந்தால் விரலில் கறுப்பாகப் பிசுபிசுவென ஒட்டுகிறது. கோளாறு ஷட்டர் துணியிலா (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை), கதவிலா?

இருட்டறை:
ஸ்கேனை விடுங்கள், நெகட்டிவைப் பாருங்கள். ஒளி பட்ட இடம் அதில் கறுத்திருக்கும். அந்தக் கறுத்த பட்டை பிரேமை (ஒரு படத்தின் கட்டத்தை) தாண்டி, ஃபிலிம் ஓரத்துப் பல்துளைகள் வரை போயிருந்தால் கதவு. பிரேமுக்குள்ளேயே நின்றால் ஷட்டர் துணியைச் சந்தேகிக்கலாம். சிவப்பும் கதவைத்தான் காட்டுகிறது: பின்னாலிருந்து வரும் ஒளி முதலில் படுவது சிவப்பை உணரும் அடுக்கில். கேமரா வெயிலில் சும்மா கிடந்த நேரத்தில் உள்ளே இருந்த பிரேம்தான் கெடும். அதனால்தான் எல்லாப் படத்திலும் வருவதில்லை.

விரலில் ஒட்டுவது, கதவு ஓரத்தில் ஒளியை அடைக்கும் ஃபோம் பட்டை மட்கிப்போனது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் அது மட்கும். முதலில் ஷட்டர் துணியைத் தாளால் மூடுங்கள். தூள் அதில் ஒட்டினால் பெரிய வேலை. பல்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். குச்சி நனைந்திருந்தால் போதும், சொட்டக்கூடாது. அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

சுருள்36:
நன்றி அண்ணா. புது ஃபோம் எத்தனை மில்லிமீட்டர்? லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கு மேலேயும் ஒரு ஃபோம் பட்டை தெரிகிறதே?

பழையலென்ஸ்:
கீல் பக்கம் சுமார் 1.5 மி.மீ. கதவு விளிம்பு பொருந்தும் மேல், கீழ் பள்ளங்களுக்கு 1 மி.மீ. போதும், கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலும் சரிதான், பசையே தேவையில்லை. தடிமன் கூடினால் கதவு சரியாக மூடாது, தாழ்ப்பாளில் அழுத்தம் ஏறும். பசைப் பக்கத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்தால் ஒட்டும் முன் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

மேலே இருப்பது கண்ணாடி எழும்போது வந்து இடிக்கும் மெத்தை. கேமராவைக் குப்புறப் பிடித்துச் சுரண்டுங்கள், தூள் வெளியே விழட்டும். பக்கத்திலேயே ஃபோகஸ் திரை (வியூஃபைண்டரில் காட்சி தெரியும் தகடு) இருக்கிறது, அதில் ஆல்கஹால் படவே கூடாது. கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். எதிரொளிக்கும் பூச்சு மேற்பரப்பிலேயே இருப்பதால் உடனே கீறிவிடும். ஊதுபந்து மட்டும்.

இருட்டறை:
முடித்ததும் மலிவான சுருள் ஒன்றைப் போட்டு, லென்ஸை மூடி, கதவின் ஒவ்வொரு பக்கத்தையும் சில நிமிடம் வெயிலில் காட்டுங்கள். பக்கத்துக்கு ஒரு பிரேம் தள்ளிக் குறித்துக்கொண்டால் எந்தப் பக்கம் இன்னும் கசிகிறதென்று கழுவியதும் தெரியும்.