பினாங்கை விட்டு கே.எல். போகலாமா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆறு வருடமாக டெக்னீசியன் வேலை, சம்பளம் 4,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இப்போது கோலாலம்பூரில் 6,200க்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே அம்மா வீடு, வாடகை கிடையாது. அங்கே அறை, சாப்பாடு, டோல் எல்லாம் கைக்காசு. சம்பளம் 5,000ஐத் தாண்டினால் முதலாளி போடும் இபிஎஃப் (ஓய்வுக்கால சேமநிதி) 13இலிருந்து 12 விழுக்காடாகிவிடும், அதுவும் இடிக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறும்போது என் தோளைத்தான் பிடிப்பார். சம்பள உயர்வு கேட்டால் மேனேஜரோ இரண்டு வருடமாக "இரு தம்பி, பார்க்கலாம்" என்கிறார் (இன்னும் பார்க்கவில்லை!). செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அறை வாடகை எவ்வளவு? இப்படிப் போனவர்களுக்கு மாதக் கடைசியில் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும்.